வைக்கல் கடதாசியான கதை

ஆரையம்பதிப் பக்கத்து வயல்களில் சூடடித்து முடிந்தால் வைக்கல் குவிந்து கிடக்கும். மாட்டுக்குப் போக மீதிக்கு நெருப்பு வைத்துவிடுகிறோம். அதே வைக்கல் ஒரு காலம் கொப்பித் தாளானது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கண்ணை விரிக்கிறார்கள்.

மட்டக்களப்புக்கு வடக்கே, வாழைச்சேனையில் 1950களின் நடுப்பகுதியில் கடதாசி ஆலை எழுந்தது. கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் காலத்துத் திட்டம் அது. அதன் முக்கிய மூலப்பொருள் நெல் வைக்கல். வைக்கலை அவிக்க எரிசோடாவும் வெளுக்கக் குளோரீனும் வேண்டும். இரண்டையும் செய்யப் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை வந்தது.

ஏன் எரிசோடா? வைக்கலில் செலுலோசு நார்களை இறுக்கிப் பிடித்திருப்பது இலிக்னின் என்ற பசை. வைக்கலில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை அது இருக்கும். மரத்தைப் போலன்றி, புல்லினத்து இலிக்னினில் மூன்று வகை அலகுகளும் கலந்திருக்கும். பெரூலிக் அமிலம் எசுத்தர் பிணைப்பால் அதைச் சர்க்கரைச் சங்கிலியோடு கோத்திருக்கும். காரம் எசுத்தரை அறுக்கும் என்பது உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் மரத்தைவிட வைக்கல் இலகுவாக அவிகிறது. ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ட் பெக்மன் முதலாம் உலகப்போர்த் தீவனப் பஞ்சத்தையொட்டி வைக்கலைக் குளிர்ந்த எரிசோடாக் கரைசலில் ஊறவைத்து மாட்டுக்குச் செரிக்கும் தீனியாக்கினார். 1921இல் அவரும் கூட்டாளிகளும் வைக்கல் இலிக்னினைப் பிரித்து ஆராய்ந்தும் எழுதினார்கள்.

அவித்த பின் நார் ஒரு பக்கம், கருந்திரவம் மறுபக்கம். அந்தக் கருந்திரவத்தில் அமிலம் விட்டால் இலிக்னின் பழுப்பாக வீழ்படியும். மர ஆலைகள் அதைச் சுண்டவைத்து எரித்து, நீராவியும் எடுத்துச் சோடாவையும் மீட்கின்றன. நெல் வைக்கலிலோ சிலிக்கா அதிகம். அதுவும் கரைந்து வந்து, சுண்டும்போது குழாய்களில் கல்லாகப் படியும். வைக்கல் ஆலைகளுக்கு உலகெங்கும் இதுதான் தலைவலி. எங்கள் பக்கம் இன்னொன்றும் சேர்ந்தது: போரில் பரந்தன் நின்றது.

தமிழர் வயலும் முஸ்லிம்கள் வயலும் ஒரே உலையில் அவிந்த ஆலை அது. வன்னியின் சோடாவும் கிழக்கின் வைக்கலும் அங்கே ஒரே தாளாயின. இன்று உலக ஆய்வுகூடங்கள் இலிக்னினிலிருந்து பசையும் பிளாஸ்டிக்கும் செய்யப் பார்க்கின்றன. நாம் அதை வயலில் கொளுத்துகிறோம். அந்த ஆலையில் வேலை செய்த வாப்பாமாரும் அப்பாமாரும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கட்டும். அந்தக் கைப்பக்குவமும் அவர்களோடு போய்விடக் கூடாது.