என்ன விசாடா?



நேற்று வரதராஜன்பேட்டை கடைத்தெருவில் பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தி வணக்கம் சொன்னான். சிங்கப்பூருக்குச் சமையல் வேலைக்குப் போகிறானாம்.

வெளிநாடு போகும் சமையல்காரரைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது. 1922-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்திலேயே உணவகம், தேநீர்க்கடை வேலை உண்டு. 1983 சட்டமும் அதைச் சேர்த்துக்கொண்டது. இன்றும் பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும்.

இது தடை அல்ல, பாதுகாப்பு. ஒன்பதாவதோடு நின்ற என் மாணவன் ஒருவனை, ஏஜென்ட் விசிட் விசாவில் ஏற்றிவிட்டார். ஒப்பந்தமும் இல்லை, அனுமதியும் இல்லை. இரண்டு வருடம் பாஸ்போர்ட் முதலாளி கையில். "கரண்டி பிடிக்கப் படிப்பு எதுக்கு சார்?" என்று அவன் கேட்ட அன்று நான் சிரித்துவிட்டுப் போனேன். அது என் தவறு.

விதிகளும் மாறுகின்றன. சிங்கப்பூர் இந்திய உணவகங்கள் 2023 செப்டம்பர் 1 முதல் நம்மூர் சமையல்காரரை ஒர்க் பெர்மிட்டில் எடுக்கலாம். சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. பிரிட்டனோ 2025 ஜூலையில் தன் திறன் தொழிலாளர் விசாவில் புதிய சமையல்காரருக்குக் கதவைச் சாத்திவிட்டது.

அதனால் நேற்று இவனிடம் முதலில் கேட்டேன்: "என்ன விசாடா?"

"ஒர்க் பெர்மிட் சார். பத்தாவது சர்டிபிகேட்டும் இருக்கு."

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.