கூட்டு உருவங்களின் பரப்பளவு

ஒரே வாய்பாட்டில் அடங்காமல், முக்கோணம், செவ்வகம், வட்டம் போன்ற எளிய வடிவங்கள் சேர்ந்தோ குறைந்தோ உருவாவது கூட்டு உருவம். ‘ட’ வடிவ வீட்டுமனை, மேலே அரைவட்டம் வைத்த சன்னல், விளையாட்டரங்கின் 400 மீட்டர் ஓட்டப்பாதை எல்லாம் இந்த வகை. ஓட்டப்பாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். நடுவிலுள்ள செவ்வகத்தையும் இரு முனை அரைவட்டங்களையும் கூட்டினால் உள்ளே சுமார் 10,346 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேருக்குச் சற்று அதிகம். வெட்டிக் கூட்டலாம், பெரிதாக எடுத்து வேண்டாததைக் கழிக்கலாம். வழி இவ்வளவுதான். ஆனால் எங்கே வெட்டுவது என்பதில் மனிதர்கள் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறார்கள்.

கழிக்கும் வழிக்குப் பழைய சான்று எகிப்தில் இருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரிண்ட் பாப்பிரஸின் 48ஆம் கணக்கில், சதுரத்துக்குள் எண்கோணம் போன்ற ஒரு படம் வரையப்பட்டிருக்கிறது. பக்கம் 9 உள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும், பக்கம் 3 உள்ள செங்கோண முக்கோணங்களை வெட்டி எறிந்தால் 81இல் 18 போய் 63 மிஞ்சும். விட்டம் 9 உள்ள வட்டத்துக்கு ஆமெஸ் தரும் விடை 64; உண்மை மதிப்பு 63.6. வட்டக் கணக்கு இந்த வெட்டலிலிருந்தே பிறந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அதே எகிப்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, எட்ஃபு கோயில் சுவரில் நிலக்கொடைகளைப் பொறித்தவர்கள் வெட்டவே இல்லை. எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கினார்கள், அவ்வளவுதான். முக்கோண நிலம் வந்தால் நான்காவது பக்கம் ‘ஒன்றுமில்லை’ என்று வைத்து அதே வாய்பாட்டில் போட்டார்கள். செவ்வகத்துக்கு இது சரி. மற்ற நாற்கரங்களுக்கு எப்போதும் கூடுதலாகவே காட்டும். பக்கம் 5, மூலைவிட்டங்கள் 6, 8 உள்ள சாய்சதுரத்தின் பரப்பு 24. வாய்பாடு 25 என்கிறது. அதே சாய்சதுரத்தை ஒரு மூலைவிட்டம் 2 ஆகும்வரை நசுக்கினால் பரப்பு 9.8க்கு இறங்கிவிடும். வாய்பாடு மட்டும் 25ஐ விட்டு நகராது.

இந்தப் பிழையின் வேரை மிகக் காட்டமாகச் சொன்னவர் இரண்டாம் பாஸ்கரர். நான்கு பக்க நீளம் தெரிந்தால் மட்டும் நாற்கரம் நிலைபெறாது. மூலைவிட்டமோ செங்குத்தோ சொல்லாமல் பரப்பைக் கேட்பவன் பேய், பதில் சொல்பவன் அதைவிடப் பெரிய பேய் என்று 1150இல் எழுதிய லீலாவதியில் திட்டுகிறார். அவருக்கு முன், 9ஆம் நூற்றாண்டில், மகாவீரர் தம் கணித சார சங்கிரகத்தில் வாற்கோதுமை மணி, மிருதங்கம் போன்ற வடிவ வயல்களுக்கும் கணக்கு சொன்னார். தோராயமானது, நுட்பமானது என இரண்டு விடை கொடுத்தது அவருடைய நேர்மை.

யூக்ளிடிடம் வயலும் இல்லை, எண்ணும் இல்லை. நேர்கோடுகளால் ஆன எந்த உருவத்தையும் முக்கோணங்களாகப் பிரித்து, அதற்குச் சமமான ஓர் இணைகரம் வரையலாம் என்று அவருடைய முதல் நூலின் 45ஆம் தேற்றம் காட்டுகிறது. சீனத்தில் லியூ ஹுயி கி.பி. 263இல் எழுதிய உரையில், வெட்டிய துண்டை வேறிடத்தில் பொருத்திப் பரப்பை நிறுவினார். அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்ற விதி அங்கும் உண்டு, தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும் உண்டு.

நிலம் அளப்பவர்களின் கையில் இந்தக் கலை கருவியோடு சேர்ந்தது. 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் வகுத்த 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணிகள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். தமிழ்நாட்டு நில அளவையாளரின் புலப்படத்தில் இன்றும் பாஸ்கரர் கேட்ட அந்தக் கோடு இருக்கிறது. மூலைக்கல்லிலிருந்து மூலைக்கல்லுக்கு ஓடி வயலை முக்கோணங்களாகப் பிரிக்கும் அதற்கு ‘ஜி லைன்’ என்று பெயர். வரப்பு வளைந்து நெளிந்தால் அங்கங்கே செங்குத்துத் தூரம் குறித்து, சிறு முக்கோணங்களையும் சரிவகங்களையும் கூட்டவோ கழிக்கவோ செய்வார்கள். வந்த தொகை ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் ஏறும்.

1854இல் யாக்கோப் ஆம்ஸ்லர் உருவாக்கிய பிளானிமீட்டருக்கு அந்த வெட்டலும் தேவைப்படவில்லை. வரைபடத்தின் ஓரத்தை ஊசியால் ஒருமுறை சுற்றி வந்தாலே போதும், சக்கரம் பரப்பைச் சொல்லிவிடும்.

இப்போது கணினி நிரல்கள் கையாளுவது, 1769இல் மைஸ்டரும் 1795இல் காஸும் எடுத்துரைத்த ஆயத்தொலைவு வாய்பாடு. முனைகளை வரிசையாக எழுதிக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து, கூட்டி, பாதியாக்க வேண்டும். எட்ஃபு வாய்பாடு தவறிய அதே சாய்சதுரத்தை (4, 0), (0, 3), (−4, 0), (0, −3) என்று கொடுத்தால் சரியாக 24 வரும். முனைகளைச் சுற்றுவரிசையில் எழுதியாக வேண்டும். நடு இரண்டை இடம் மாற்றினால் பக்கங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். கூட்டலும் கழித்தலும் சமமாகி, விடை பூச்சியம்.