செயற்கைக்கோளும் செய்மதியும்

பெங்களூருவில் மைசூர் சாலைப் பேருந்து நிலையத்தை எல்லாரும் 'சாட்டிலைட்' என்றே சொல்கிறார்கள். மெஜஸ்டிக் தலைமை நிலையம். சாட்டிலைட் அதன் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் துணை நிலையம். கெங்கேரியில் ஒரு 'சாட்டிலைட் டவுன்' உண்டு. அது பெருநகரைச் சார்ந்து எழுந்த குடியிருப்பு. இந்தியா விண்ணுக்கு அனுப்பும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் உருவாவதும் இதே ஊரில்தான். ஆங்கிலம் இவை அனைத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. தமிழ் வேறு வழியில் போனது.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். அங்கே 'சட்டெல்லெஸ்' என்றால் பெரிய மனிதரின் பின்னால் போகும் மெய்க்காவலன். 1610-இல் கலிலியோ வியாழனைச் சுற்றிவரும் நான்கு நிலவுகளைக் கண்டார். மறு ஆண்டு வெளியான சிறுநூலில் கெப்ளர் அந்நிலவுகளை இந்தச் சொல்லால் குறித்தார். 1957 அக்டோபர் 4-இல் சோவியத் ஒன்றியம் ஏவிய உலோகப் பந்துக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. அப்பந்தின் பெயரான 'ஸ்புட்னிக்' என்ற ருஷ்யச் சொல்லுக்கு வழித்துணை என்று பொருள்.

'செயற்கைக்கோள்' என்ற தமிழ்ச் சொல்லுக்குள் இருப்பது 'கொள்' என்னும் வினை. 'கெடு' கேடு ஆவதுபோல, 'படு' பாடு ஆவதுபோல, 'கொள்' முதல் நீண்டு 'கோள்' ஆகிறது. இலக்கணத்தார் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். குறிக்கோள், மேற்கோள், வேண்டுகோள், கோட்பாடு ஆகியவை இதன் உறவுகள்.

பழந்தமிழர் வானத்து மீன்களை இரண்டாகப் பிரித்தார்கள். இடைவெளி மாறாமல் கூட்டமாக நகர்பவை, நாளைக் கணக்கிட உதவுபவை நாள்மீன்கள். அவற்றினூடே இடம் மாறித் திரிபவை கோள்மீன்கள். பட்டினப்பாலையில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. 'நாளும் கோளும்' என்று இன்றும் நாம் சொல்வது அந்தப் பிரிவின் தொடர்ச்சி.

கோள் எதைக் கொள்கிறது? கதிரவனின் ஒளியைக் கொள்வதால் கோள் என்று சிலர் விளக்குகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கணக்கின் ஒன்பது கோள்களில் கதிரவனே ஒன்று; ஒளியே இல்லாத இராகுவும் கேதுவும் வேறு. பற்றிக்கொள்வது என்ற பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. திருக்குறளின் 1146-ஆம் பாட்டு, திங்களைப் பாம்பு பிடிப்பதாகச் சொல்லும் இடத்தில் 'கொள்' என்ற இதே வினையைத்தான் ஆள்கிறது. கிரகம், கிரகணம் என்ற வடசொற்களின் வேரும் பற்றுதலே.

இந்தப் பழைய சொல்லோடு 'செயற்கை' சேர்ந்தபோது ஒரு நெகிழ்வும் சேர்ந்தது. நிலவு பூமிக்குத் துணைக்கோள். ஆகவே மனிதர் செய்து பூமியைச் சுற்றவிடும் கருவி, கண்டிப்பாகப் பார்த்தால், செயற்கைத் துணைக்கோள். கன்னடத்தில் 'உபக்ரஹ' என்கிறார்கள். 'உப' அங்கே தங்கியிருக்கிறது. தமிழகத் தமிழ் 'துணை'யை உதிர்த்துவிட்டது. இலங்கைத் தமிழர் இதைச் 'செய்மதி' என்கிறார்கள். செய்யப்பட்ட மதி. பூமியைச் சுற்றும் பொருளுக்கு இதைவிடத் துல்லியமான பெயர் அமைவது அரிது, சொல்லவும் எளிது.

சொல்லின் கதை இது. பொருளின் கதை பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் தொடங்குகிறது. அங்கிருந்த கொட்டகைகளில்தான் யு.ஆர். ராவ் தலைமையில் ஓர் இளைஞர் படை இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டாவைக் கட்டியது. எடை 360 கிலோ. 26 முகங்கள் கொண்ட உடல். அடியும் முடியும் தவிர மற்ற முகங்களிலெல்லாம் சூரிய மின்கலங்கள். எப்பக்கம் சுழன்றாலும் வெயில் ஏதாவது சில முகங்களில் விழும். கிடைத்த மின்சாரம் ஏறக்குறைய 46 வாட். 1975 ஏப்ரல் 19-இல் சோவியத் ராக்கெட் ஒன்று அதைக் கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து ஏற்றிச் சென்றது. மின்வழங்கல் பழுதாகிச் சில நாட்களிலேயே ஆய்வுக் கருவிகள் நின்றுபோயின. ஆனாலும் ஒரு செயற்கைக்கோளை வடிவமைத்துக் கட்டி, அதனோடு பேசும் வித்தை கைவந்துவிட்டது. இரண்டு ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் ஆர்யபட்டா ஏறியது. ஒளியைக் கொள்வதால் கோள் என்ற விளக்கம் வானத்துக் கோளுக்குப் பொருந்தாவிட்டாலும், உடலெல்லாம் வெயில் வாங்கிய இந்தக் கோளுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆர்யபட்டாவும் அதன் பின் வந்த பலவும் பூமியைச் சுற்றியவை. செய்மதி என்ற பெயருக்கு முழு உரிமை உடையவை. கதிரவனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 அப்படியல்ல. 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் தன் இடத்தை அடைந்தது. திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் சாஜி. ஆதித்யாவின் முதன்மைக் கருவி பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆக்கம். அந்நிறுவனத்தின் ஹொசகோட்டே வளாகத்தில் கட்டப்பட்டது. அக்கருவி சூரிய வட்டின் கண்கூசும் ஒளியைத் தனக்குள் விலக்கிவிட்டு, சுற்றியுள்ள மங்கலான ஒளிவளையத்தைப் பார்க்கிறது. முழுக் கிரகணத்தின்போது மட்டுமே நமக்குத் தெரியும் காட்சியை இது இடைவிடாமல் காண முடியும்.

ஆதித்யா இருப்பது பூமியிலிருந்து கதிரவன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, இரண்டின் ஈர்ப்பும் கணக்காக அமையும் முதல் லெக்ராஞ்சுப் புள்ளியைச் சுற்றி. பூமியோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை அது கதிரவனை வலம்வருகிறது. அதை மதி என்று சொல்ல முடியாது. பூமியும் வெள்ளியும் எந்த வகையோ அந்த வகை அது. கையால் செய்த கோள். 'துணை'யை உதிர்த்ததால் நெகிழ்ந்துபோன தமிழகச் சொல், இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது. ஆகவே இரண்டு சொற்களும் நமக்கு வேண்டும். பூமியைச் சுற்றுவது செய்மதி, கதிரவனைச் சுற்றுவது செயற்கைக்கோள் என்று நம் பாடநூல்கள் பிரித்து எழுதலாம். நாள்மீனையும் கோள்மீனையும் பிரித்தறிந்த மொழிக்கு இது புதுப் பழக்கமல்ல.