இதர பொருள்கள்

சென்ற ஆண்டு அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கூட்டங்களில் வாயே திறக்காத ஊழியர்களைப் பேச ஊக்குவிப்பது எப்படி என்று அரை நாள் பயிற்சி ஒன்றை நான் ஏற்பாடு செய்ய வேண்டும். பல வருடங்களாக நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். கூட்டத்துக்கு அறை பிடிப்பது, டீ சொல்வது, மினிட்ஸ் எழுதுவது எல்லாம் நான்தான் என்பதால் இதுவும் என் தலையில் விழுந்தது. பயிற்சிக்கு வர வேண்டியவர்கள் பட்டியலும் கூடவே வந்தது. 23 பேர், அதில் 19 பேர் பெண்கள். பட்டியலின் தலையில் ‘அமைதியான சுபாவம் உடையோர்’ என்று எழுதியிருந்தது.

சுபாவம் என்ற சொல் எனக்கு உறுத்தியது. அந்த 19 பேரையும் எனக்குத் தெரியும். சாப்பாட்டு அறையில் அவர்கள் பேசுகிற பேச்சில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். எட்டு மணி நேர வேலை நாளில் கூட்டம் நடக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஒருவருக்குச் சுபாவம் மாறுமா?

ஆறு வருடங்களுக்கு முன்னால் இங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணும் அப்போது நினைவுக்கு வந்தாள். அவளைப் பிறகு சொல்கிறேன்.

வேலை செய்கிறவர்கள் தம் குறையை வேலை கொடுத்தவர் முன்னால் சொல்வது என்பது நம் ஊரில் எப்படித் தொடங்கியது என்று படிக்க ஆரம்பித்தேன். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஆலைக்காரர்களின் குறைகளில் முக்கியமானது மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. அதை அவர்கள் முதலில் போய்ச் சொன்னது ஆலை நிர்வாகத்திடம் அல்ல, செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜலு நாயுடுவிடமும். அவர்கள் வாடியாவிடம் கொண்டுபோனார்கள். திரு.வி.க. வந்து சேர்ந்தார். ஆலைக்குள் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர்கள்தான் ஆயிரக்கணக்கான ஆண் தொழிலாளர்களுக்காக முதலில் பேசினார்கள். இதை யாரும் அந்தத் தொழிலாளர்களின் கூச்ச சுபாவம் என்று எழுதவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வேலையை விட்டு நிறுத்தப்பட முடியாதவர் பேசினார், அவ்வளவுதான். ஆண்கள் பேசாவிட்டால் அதற்குக் காரணம் தேடுகிறோம், பெண்கள் பேசாவிட்டால் சுபாவம் என்று முடித்துவிடுகிறோம்.

விடுதலை பெற்ற 1947இல் தொழில் தகராறுகள் சட்டம் வந்தது. அதன் மூன்றாவது பிரிவு, 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்காரும் குழு ஒன்றை அமைக்கச் சொல்ல வழி செய்தது. தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது என்றும் சொன்னது. பெண்கள் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வார்த்தைக்கு ஐம்பது வருடம் ஆயிற்று. அது வந்த வழியைத் தெரிந்துகொண்டால், பேசச் சொல்லி யாரையும் உற்சாகப்படுத்த நா எழாது.

ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி என்பவர் மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ ஆக, அதாவது தோழியாக, வேலை செய்தார். குயவர் சாதி. பெண்களின் பிரச்சினைகளை ஊருக்குள் எடுத்துப் பேசுவதுதான் அவருடைய வேலையே. பேசுவதற்காகவே அரசு சொற்பத் தொகை கொடுத்து வைத்திருந்த பெண் அவர். 1992இல் ஒரு கைக்குழந்தையின் திருமணத்தைத் தடுக்கப் பேசினார். அந்த ஊரின் ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டாக வன்புணர்ச்சி செய்தார்கள் என்று புகார் கொடுத்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. வேலையைச் செய்ததற்காகத்தான் அவருக்கு இது நடந்தது. ஆனால் வேலை கொடுத்தவர்களுக்கு இதில் பொறுப்பு உண்டு என்று சொல்ல அப்போது நாட்டில் ஒரு சட்டமும் இல்லை.

விசாகா என்ற அமைப்பும் மற்ற பெண்கள் அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்ததும் நமக்குத் தெரியும். புகார்க் குழுவுக்குப் பெண் தலைமை, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். நான் தேடிப் படித்தபோது என் கண்ணில் பட்டது அதே நெறிமுறைகளில் எட்டாவதாக உள்ள ஒன்று. அதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊழியர் கூட்டங்களில் பாலியல் துன்புறுத்தல் பற்றி எழுப்ப ஊழியர்களை அனுமதிக்க வேண்டும், நிர்வாகமும் ஊழியரும் சேர்ந்து நடத்தும் கூட்டங்களில் அதைக் கட்டாயம் எடுத்துப் பேச வேண்டும் என்கிறது அது. பெண்ணே, தைரியமாகப் பேசு என்று அது சொல்லவில்லை. கூட்டத்தை நடத்துகிறவரைப் பார்த்துப் பேசுகிறது. 2013இல் வந்த சட்டத்தில் இந்த நெறிமுறை இடம்பெறவில்லை. குழு உண்டு, புகாருக்குக் கால வரம்பு உண்டு, முதலாளி நடத்த வேண்டிய விழிப்புணர்வுப் பயிலரங்கு உண்டு. எங்கள் அலுவலகத்திலும் அந்தக் குழுவின் கோப்பு நீல நாடா கட்டிப் பத்திரமாக இருக்கிறது. கட்டியது நான்தான்.

எழுப்பினால் எடுத்துப் பேசுவதற்கு இடமே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2015 செப்டம்பரில் மூணாறில் பார்த்தோம். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தலித்துகள், தலைமுறைகளுக்கு முன்னால் இங்கிருந்து மலையேறியவர்களின் பேத்திகள். அவர்களுக்குச் சங்கம் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு மூன்று பெரிய சங்கங்கள் இருந்தன, சந்தா கட்டினார்கள். கூலி, போனஸ் பேச்சுக்குச் சங்கத் தலைவர்களாக இருந்த ஆண்கள் போனார்கள். பேசி முடித்த கணக்கு மலைக்கு வந்து சேரும். தினக்கூலி 232 ரூபாய். அந்த வருடம் போனஸ் 10 சதவீதம் என்றார்கள்.

பெண்கள் வேலையை நிறுத்தி மூணாறு நகரத்துச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள், ஆயிரக்கணக்கில். எந்தச் சங்கத்தின் கொடியும் இல்லை. பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தங்கள் உழைப்பை விற்று வசதியாக வாழ்கிறவர்கள் என்று அவர்களை முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து 20 சதவீதம் கிடைத்தது.

அதுவரை அந்தப் பெண்களைப் பற்றி யாரையாவது கேட்டிருந்தால் ‘அமைதியான சுபாவம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். லயத்து வாசலிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அவர்கள் பேசாத நாள் இருந்திருக்காது. மேசை இருந்த அறைக்குள்தான் அவர்கள் குரல் போகவில்லை. சாலையில் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள், மேசை கிடையாது.

ஆனால் மேசை விடவில்லை. 500 ரூபாய் கூலிக் கோரிக்கை தோட்டத் தொழிலாளர் குழுவுக்குப் போனபோது, அங்கே உட்காரும் இடம் அங்கீகாரம் பெற்ற பழைய சங்கங்களுக்கே இருந்தது. அந்த அக்டோபரில் முடிவான கூலி 301 ரூபாய். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அறைக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பதன் வித்தியாசம் 199 ரூபாய் என்று எனக்குத் தோன்றும். கணக்கு அவ்வளவு எளிதல்ல என்று பொருளாதாரம் படித்த என் தம்பி சண்டைக்கு வருவான். வரட்டும்.

இதையெல்லாம் படித்த பிறகு, பயிற்சிக்கு வர வேண்டியவர்கள் இந்த 23 பேர் அல்ல, கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஏழு பேர் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் மேடம் என்றார்கள்.

இப்போது அந்தப் பெண். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க இரவு ஒன்பதரை வரை பெண்களை வைத்திருப்பார்கள். கம்பெனி வண்டி அவர்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் விளக்கில்லாத பாதை. இரண்டு முறை ஒருவன் பின்தொடர்ந்திருக்கிறான். என்னிடம் வந்து சொன்னாள். “கூட்டத்துல சொல்லும்மா, நாங்கல்லாம் இருக்கோம்ல” என்றேன். சொன்னாள், எழுந்து நின்று, நடுங்காமல். இது இந்தக் கூட்டத்தின் பொருள் இல்லையே என்றார் தலைமை தாங்கியவர். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதப்படவில்லை.

இந்தக் கட்டுரைக்காக அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். பேர் போடாதீங்க என்றாள். அப்புறம், “அன்னைக்கு நீங்க அதை எழுதியாவது வச்சிருந்தீங்கன்னா, நான் கேட்டதுக்கு ஒரு ஆதாரம் இருந்திருக்கும்ல அக்கா” என்றாள். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தேன். வரலாறு படிக்க நான் அதுவரை திறக்காத ஒரே புத்தகம் அதுதான். அந்தத் தேதியில் என் கையெழுத்தில் ஆறு வரிகள் இருந்தன. இருப்பு நிலை, வரவேண்டிய பாக்கி, தணிக்கைத் தேதி, புதிய பிரிண்டர், பொங்கல் விடுமுறை. ஆறாவது வரி: இதர பொருள்கள் விவாதிக்கப்பட்டன.