பத்தமடைப் பாயும் 17 வகை அலங்காரமும்

"கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களில் 17 வகை அலங்காரங்களும் இருக்கின்றன, ஆகவே இந்தக் கணிதத்தைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே" என்று நம்மவர்களில் சிலர் பெருமையோடு சொல்வதுண்டு. அதில் பாதிதான் சரி.

17 என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு பூவோ நட்சத்திரமோ நாலாபுறமும் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை, மாற்றம் தெரியாமல் அசைக்க நான்கே வழிகள் உண்டு. நகர்த்தலாம்; சுழற்றலாம்; கண்ணாடி பிம்பம்போல இடவலமாக மாற்றலாம்; அப்படி மாற்றிய கையோடு நகர்த்தலாம். நான்காவதுதான் சற்றுக் குழப்பும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரக் காலோடு நடந்தால் தரையில் விழும் தடங்களைப் பாருங்கள். இடது தடத்தை மாற்றிப் போட்டு ஓர் எட்டு முன்னே தள்ளினால் வலது தடம் வந்துவிடும்.

சுழற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. 180, 120, 90, 60 பாகைகளை அடிப்படையாகக் கொண்ட சுழற்சிகளே பொருந்தும். இவையெல்லாம் சேரக்கூடிய விதங்கள் 17 மட்டுமே. பூவையும் நிறத்தையும் எப்படி மாற்றினாலும் பதினெட்டாவது அமைப்பு வராது.

இதை 1891-ல் நிறுவியவர் ரஷ்யப் படிகவியல் அறிஞர் ஃபெடரோவ். 1924-ல் ஜார்ஜ் போல்யாவும் தனியாக நிறுவினார். அல்ஹம்ராவில் எடித் முல்லர் 1944-ல் கண்டவை 11 வகைகள். பின்னால் வந்தவர்கள் 13 என்றும் 17 என்றும் எண்ணினார்கள். அந்தக் கைவினைஞர்களின் திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் செய்து காட்டுவது வேறு, "இதற்கு மேல் இல்லை" என்று நிரூபிப்பது வேறு. செய்யாததையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பது உண்மைக்கு அழகல்ல.

ஸ்பெயின் வரை போகவும் தேவையில்லை. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாக நெல்லைக்குப் போனால் சேரன்மகாதேவியை அடுத்து வரும் பத்தமடையில், நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப் பாய் நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. பாவு பருத்தி நூல், ஊடு சாயமேற்றிய கோரை. இரண்டும் செங்குத்தாகவே குறுக்கிடுவதால் 120, 60 பாகைச் சுழற்சி கொண்ட ஐந்து வகைகள் தறியில் அச்சாக அமையா. 90 பாகை திருப்பினாலோ நூல் இருந்த இடத்தில் கோரை வந்துவிடும். கண்ணுக்குச் சதுரமாகத் தெரிந்தாலும் கணக்கில் பொருந்தாததால் இன்னும் மூன்று வகைகள் விலகும். மிஞ்சுவது ஒன்பது. தறிக்கு இடங்கொடுக்கும் வகைகள் எவை என்பதை அந்தப் பெண்கள் எந்தப் புத்தகமும் பார்க்காமல் கையாலேயே அறிந்திருக்கிறார்கள்.

பாயின் கரை ஒரே திசையில் ஓடுவதால் அதற்குத் தனிக் கணக்கு. அதில் 7 வகைகள்தாம். வீட்டில் பழைய நிகாஹ் பாய் இருந்தால் பிள்ளைகளிடம் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, கரையின் மேல் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கோட்டில் வைத்தால் வடிவம் குலையாமல் தெரிகிறதோ அதுவே சமச்சீர் அச்சு. மணமக்கள் பெயர் நெய்த இடத்தில் மட்டும், கண்ணாடியை எப்படி வைத்தாலும் எழுத்து தலைகீழாகவோ இடம் மாறியோதான் தெரியும்.