அம்மாயி கேட்டது என்ன?

2025 ஜூன் 20ஆம் திகதி பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை, மரணத் தறுவாயில் இருக்கும் நோயாளி மருத்துவ உதவியோடு உயிர்விட இடம்தரும் சட்டமூலத்தை 314க்கு 291 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. ஹட்டன் டவுனில் யாரும் இதைப் பெரிசா பேசிக்கல. ஆனா இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. நம்மை ஆளுகிற தண்டனைச் சட்டக்கோவையே, கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில், 1883இல், அதே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான்.

அதன் 299ஆம் பிரிவின்படி, இன்னொருவரின் தற்கொலைக்கு உடந்தையானவருக்கு மரண தண்டனை. நோயாளியே கெஞ்சிக் கேட்டார் என்றாலும் விலக்கில்லை. (1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை, பிரிவு மட்டும் அப்படியே இருக்கு.) தற்கொலைக்கு முயன்றவரையே தண்டித்த 302ஆம் பிரிவை 1998இல்தான் நீக்கினார்கள். இங்கிலாந்து அதை 1961லேயே முடித்துவிட்டது.

நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த இந்தியாவில், 2018 மார்ச் 9 தீர்ப்பின்படி, உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஆனா விருதுநகர்ப் பக்கம் 'தலைக்கூத்தல்' என்றொரு வழக்கமும் உண்டு. விடியக்காலையில் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பது. 2010இல் அது செய்தியானபோது முக்கியமான கேள்வி ஒன்றுதான்: அந்தக் கிழவியிடம் யாராவது கேட்டார்களா?

தோட்டத்தில் சாவை விட வைத்தியம்தான் பெரிய பிரச்சினையா இருந்திருக்கு. 1872லும் 1912லும் மருத்துவத் தேவைகளுக்கென்று கட்டளைச் சட்டங்கள் போட்டார்கள். வைத்தியம் துரையின் பொறுப்பானது. உழைக்கிற உடம்பைப் பெரட்டுக்குத் திருப்பி அனுப்புற வைத்தியம் அது. உழைக்க முடியாமல் படுத்த உடம்புக்கு லயத்துக் காம்பராதான். டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புதிய ஆஸ்பத்திரி திறந்ததே 2017 மே மாதத்தில். புற்றுநோய் என்றால் மஹரகம வரை பஸ் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டம் வேணுமா, வேணாமா? எங்களுக்குள்ளேயே ஒத்துவரல. வேணும்னு சொன்ன எங்களில் ஒருத்தியே பிறகு தன் அம்மாயியைப் பற்றிச் சொன்னாள். கடைசி மாசத்தில், "போதும்டி, என்னய அனுப்பிடுங்க"ன்னு அம்மாயி கேட்டுக்கிட்டே இருந்தாவாம். அந்த மாசம் முழுக்க அவ அம்மா கொழுந்துக்குப் போகாம, பேர் விழாம, பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. அம்மாயி வலி தாங்காம கேட்டாவா, மகளோட சம்பளத்த நெனச்சுக் கேட்டாவான்னு அவளுக்கு இன்னும் தெரியல.