நிணச்செல்லும் நோய்க்கணிப்பும்: தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில் ஒரு நூற்றாண்டுத் தேடலும் செஞ்சி வட்டாரமும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிப் பக்கத்துப் பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், மேற்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ போக வேண்டும். எங்கே போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஊசியால் சிறிது சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. திரும்பி வரும் அறிக்கையில் புற்றின் வகை, தரநிலை, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஏற்பிகளின் நிலை ஆகியவை இருக்கும். அதே கண்ணாடித் தகட்டில் இன்னொரு தகவலும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. கட்டிக்குள் எத்தனை நிணச்செல்கள் (லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள்) புகுந்திருக்கின்றன என்பதே அது. மார்பகப் புற்றுநோயில் இந்த அடையாளம் 1922 முதலே மருத்துவர்களின் கண்ணில் பட்டுவந்தது. அது நம்பகமான கணிப்பாக மாற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆனது ஏன், இன்று அது மாவட்ட மருத்துவமனை அறிக்கையிலும் இடம்பெற வேண்டியது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டதும் கைவிட்டதும்: 1863–2000

புற்றுக்கட்டிக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஷோ 1863-இல் பதிவு செய்தார். அவை அழற்சியின் அறிகுறி என்பது அவர் கருத்து. உடலின் தற்காப்பு அமைப்பே பல புற்றுகளை முளையிலேயே அடக்கிவிடக்கூடும் என்று பால் எர்லிக் 1909-இல் சொன்னார். மார்பகப் புற்றுநோயில் இந்தக் கருத்தை நோயாளிகளின் ஆயுளோடு பொருத்திப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த சிஸ்ட்ரங்க், மெக்கார்ட்டி இருவரும். மார்பகம் அகற்றப்பட்ட 218 பேரை ஆராய்ந்து 1922-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, நிணச்செல் ஊடுருவலை நீண்ட ஆயுளோடு தொடர்புடைய கூறுகளில் ஒன்றாகக் கொண்டது.

நிணச்செல்கள் நிறைந்த ‘மெடுல்லரி’ வகைப் புற்று, பார்வைக்கு மூர்க்கமாக இருந்தாலும் நல்ல விளைவையே தருகிறது என்று மூரும் ஃபுட்டும் 1949-இல் காட்டினார்கள். ஆயினும் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஓர் ஆய்வில் நிணச்செல் நல்ல அறிகுறி, மற்றொன்றில் பொருளற்றது.

இந்தக் குழப்பத்துக்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, நிணச்செல் என்ன செய்கிறது என்பதே அப்போது தெரியாது. தைமஸ் சுரப்பியின் பணியை ஜாக் மில்லர் 1961-இல் நிறுவிய பிறகே நிணச்செல்களில் டி-செல், பி-செல் என்ற பிரிவு தெளிவானது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் என்று எண்ணி எல்லா நோயாளிகளையும் ஒரே பட்டியலில் சேர்த்தார்கள். ஏற்பிச் சோதனைகள் வழக்கத்துக்கு வந்து, 2000-இல் சார்லஸ் பெரோ குழுவினர் மரபணு வெளிப்பாட்டை வைத்து உள்வகைகளைப் பிரித்துக் காட்டிய பின்னரே அந்தப் பழைய முரண்கள் புரிபடத் தொடங்கின.

எண்ணிக்கை வழி வந்த உறுதி: 2010–2024

திருப்பம் 2010-இல் வந்தது. அறுவைக்கு முன்பே கீமோ பெற்ற 1,058 ஜெர்மானிய நோயாளிகளின் ஊசித் திசுவைக் கார்ஸ்டன் டென்கர்ட் குழு ஆராய்ந்தது. நிணச்செல் செறிந்த கட்டிகளில் சுமார் 40 விழுக்காடு முழுமையாகக் கரைந்திருந்தன. நிணச்செல்லே இல்லாத கட்டிகளில் அந்த அளவு 7 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டில் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் 1,334 நோயாளிகளின் திசுக்களைக் கொண்டு, சிடி8 வகை டி-செல்கள் மிகுந்தவர்கள் நீண்ட காலம் வாழ்வதைக் காட்டினார்கள்.

மூன்று ஏற்பிகளும் இல்லாத ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகையில்தான் இத்தொடர்பு மிக வலுவாக நின்றது. 481 நோயாளிகளைக் கொண்ட 2014-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், நிணச்செல் பரப்பு 10 விழுக்காடு கூடும்போதெல்லாம் இறப்பு அபாயம் 19 விழுக்காடு குறைந்தது. ஷெரின் லோய் குழு 2019-இல் ஒன்பது ஆய்வுகளின் 2,148 நோயாளிகளைத் தொகுத்தது. அக்குள் நிணக்கணுக்களில் நோய் பரவாமலும், 30 விழுக்காடோ அதற்கு மேலோ நிணச்செல் இருந்தும் கீமோ பெற்றவர்களில் 99 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்கள்.

சிகிச்சையின் உதவியின்றி உடல் தானாக என்ன செய்கிறது என்பதை 2024-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு வெளிப்படுத்தியது. கீமோ பெறாத 1,966 டிரிப்பிள் நெகட்டிவ் நோயாளிகள் அதில் இருந்தார்கள். முதல் நிலை நோயில், நிணச்செல் 50 விழுக்காட்டுக்குக் குறையாதவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் தொலைப்பரவல் இன்றி வாழ்ந்தார்கள். 30 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தவர்களில் அது 78 விழுக்காடு.

தகட்டை வாசிக்கும் முறை

இந்த எண்கள் ஒப்பிடத்தக்கவையாக இருப்பதற்கு 2015-இல் வெளியான பன்னாட்டுப் பணிக்குழுவின் நெறிமுறையே அடிப்படை. ஹீமடாக்சிலின், இயோசின் சாயமிட்ட வழக்கமான தகடு போதும். புற்றுச்செல் கூட்டங்களுக்கு இடைப்பட்ட இணைப்புத் திசுவில், நிணச்செல்களும் பிளாஸ்மா செல்களும் எத்தனை விழுக்காடு பரப்பை நிரப்பியுள்ளன என்று நோயியல் மருத்துவர் மதிப்பிடுவார். ஊடுருவிய கட்டியின் எல்லைக்கு வெளியே இருப்பவை கணக்கில் வராது. அழுகிய பகுதி, முன்பு ஊசி போட்ட தழும்பு, பால்நாளத்துக்குள் அடங்கிய புற்று ஆகியவற்றைச் சுற்றி இருப்பவையும் விலக்கப்படும். செறிவான ஓரிடத்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழுப் பரப்பின் சராசரியைச் சொல்ல வேண்டும். மருத்துவர்களிடையே நடந்த இரண்டு ஒப்பீட்டுச் சோதனைகளில் கணிப்பின் ஒத்திசைவு 0.70-இலிருந்து 0.89 ஆக உயர்ந்தது. பயிற்சியால் இம்முறை வசப்படும் என்பதற்கு அது சான்று.

கணிப்பின் எல்லைகள்

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகையில் கதை வேறு. டென்கர்ட் 2018-இல் 3,771 நோயாளிகளின் தரவைத் தொகுத்தபோது, ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகையில் நிணச்செல் மிகுதி குறைந்த ஆயுளோடு தொடர்புற்றிருந்தது. இதற்குச் செஞ்சியிலேயே ஓர் உவமை உண்டு: அதன் கோட்டையை மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை சூழ்ந்து நின்றது. படை நின்றதாலேயே கோட்டை விழுந்துவிடவில்லை. கட்டியிலும் அப்படித்தான். அங்கே நிற்கும் செல்கள் போரிடுகின்றனவா, பிடி-1 என்ற புரதம் போன்ற தடைகளால் ஓய்ந்து கிடக்கின்றனவா என்பதை வெறும் விழுக்காடு சொல்லாது. ஹெர்-2 வகையிலும், டிராஸ்டுசுமாப் மருந்தின் பயனை நிணச்செல் அளவு கொண்டு கணிக்க முயன்ற இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவுகளைத் தந்தன.

எனவே இன்று இவ்வளவீட்டை மட்டும் நம்பிக் கீமோவைத் தவிர்க்கக் கூடாது. டிரிப்பிள் நெகட்டிவ் நோயில் இதைப் பதிவு செய்யலாம் என்று 2019 செயின்ட் காலன் மார்பகப் புற்றுநோய் மாநாடு பரிந்துரைத்ததையே இப்போதைய எல்லையாகக் கொள்ள வேண்டும்.

தமிழகப் பின்புலமும் செஞ்சியின் தேவையும்

2022-இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 98,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இந்திய ஆய்வுகளின் தொகுப்புகளில் டிரிப்பிள் நெகட்டிவ் வகையின் பங்கு 27 முதல் 31 விழுக்காடு வரை வருகிறது. மேலை நாடுகளில் இது பொதுவாக 15 விழுக்காட்டை ஒட்டியது. எந்த வகையில் நிணச்செல் கணிப்பு மிக வலுவானதோ, அந்த வகையே நம் பெண்களிடம் மிகுதி. ஆனால் மேலே சொன்ன பெரும் தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளிடமிருந்து வந்தவை. இளம் வயதிலும் பெரிய கட்டியுடனும் வரும் நம் நோயாளிகளுக்கு நம் எண்களே வேண்டும்.

அதற்கான அடித்தளம் இங்கே உண்டு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு மையம், மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தி, சாந்தா இருவரின் தலைமையில் முற்றிய மார்பகப் புற்றுக்கு அறுவைக்கு முன்பே கீமோவும் கதிர்வீச்சும் தரும் முறையை வளர்த்தது. 1980-களின் தொடக்கம் முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் அது நடத்திவருகிறது. 2012-இல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மாநிலம் முழுமைக்குமானது. சிகிச்சைக்கு முந்தைய ஊசித் திசுவும், பிந்தைய நோயாளி நிலையும் ஒன்றாகப் பதிவாகும் இடத்தில் இக்கணிப்பைச் சோதிக்க முடியும்.

இந்தத் தரவுச் சங்கிலியின் முதல் கண்ணி செஞ்சி போன்ற ஊர்களில் இருக்கிறது. எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 விழுக்காட்டு நடுநிலைப்படுத்திய பார்மலினில் விழ வேண்டும். பார்மலின், திசுவைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். ஊறும் நேரம் 6 முதல் 72 மணிக்குள் அமைய வேண்டும். இதில் தவறினால் ஏற்பிச் சோதனையும் பிழையாகும், நிணச்செல்லின் உருவமும் சிதையும்.

முடிவுரை

நிணச்செல் என்ற அடையாளம் புதிதல்ல. எந்த வகை நோயில் பார்ப்பது, எப்படி அளப்பது என்ற இரண்டு தெளிவுகளே அதைக் கணிப்பாக்கின. நோயாளிக்குக் கூடுதல் ஊசியும் கூடுதல் செலவும் வைக்காத இவ்வளவீட்டை, தமிழகத்தின் ஒவ்வொரு டிரிப்பிள் நெகட்டிவ் அறிக்கையிலும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அதைப் பதிவேட்டோடு இணைத்தால், யாருக்குக் கடும் சிகிச்சை வேண்டும், யாருக்குக் குறைந்த சிகிச்சை போதும் என்ற கேள்விக்கு விழுப்புரம் மாவட்டப் பெண்களின் தரவும் விடை சொல்லும். வேலையையும் வீட்டையும் விட்டு, மாதக் கணக்கில் வெளியூர் சென்று கீமோ ஏற்றிக்கொள்ளும் ஏழைப் பெண்ணுக்கு அந்த விடை மிகவும் தேவைப்படுகிறது.